வ-9 எழுந்து ஓடிய விவகாரம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் அமர்ந்திருந்த இடங்களும் பின்வருமாறு.

நீள்மேசையின் தலைப்பக்கத்தில், சுழலும் நாற்காலியில், இயக்குநர். அவருக்கு வலப்பக்கம், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளியியல் மேடம். இடப்பக்கம், ஏசிக் காற்று நேரே முகத்தில் அடிக்காத ஒரே இடத்தில், நெறிமுறை உறுப்பினர். ஓய்வுபெற்ற பெரியவர், எதையும் கண்ணை மூடியபடிதான் கவனிப்பார். மேசையின் கடைசியில், கால் ஆடும் நாற்காலியில், உடற்பயிற்சியாளர். அந்த நாற்காலியை வேறு யாருக்கும் போடுவதில்லை. உடம்பு உறுதியாக இருப்பவர் சமாளித்துக்கொள்வார் என்று ஒரு நம்பிக்கை. கதவோரம், முக்காலியில், தாளும் பேனாவுமாக, கடிதப் பிரிவு எழுத்தராகிய நான்.

எல்லோரும் உட்கார்ந்திருந்தோம் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இளைஞர்களின் மனநலத்துக்கு உடற்பயிற்சி எவ்வளவு உதவும் என்று ஆராய்கிற மையம் எங்களுடையது. முதல் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் பழுதான வாரத்தில் கூட்டங்கள் எல்லாவற்றையும் தள்ளிவைத்தோம். "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று தொடங்கிய அந்த அறிவிப்பை நான்தான் எழுதினேன். நன்றாக வந்திருந்தது.

என்னைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் படித்த சிற்றூர்ப் பள்ளியில் கடிதம் எழுதும் பகுதியில் எனக்கு எப்போதும் முழு மதிப்பெண். மற்றப் பகுதிகளைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நான்கு படி இறங்காமல் என்னால் எவருக்கும் எதையும் சொல்ல முடியாது. பெண் பார்த்துவிட்டு வந்து சம்மதம் சொல்லி எழுதியபோதுகூட "பார்வை: நேற்றைய சந்திப்பு" என்று போட்டேன். என் மனைவி அதை இன்னும் வைத்திருக்கிறாள். சண்டை வரும்போது எடுத்துப் படிப்பாள்.

மையத்துக்கு நான் செய்த பெரிய தொண்டு ஒரு ரப்பர் முத்திரை. எங்கள் ஆய்வறிக்கைகள் எல்லாமே "மேலும் ஆய்வு தேவை" என்றுதான் முடியும். ஒவ்வொரு முறையும் அதைத் தட்டச்சு செய்வானேன் என்று ஒரு முத்திரை செய்து வைத்துக்கொள்ளலாம் என யோசனை சொன்னேன். இயக்குநர் எழுந்து வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவர் எழுந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அன்றைய கூட்டத்தின் பொருள் ஒன்றே ஒன்று: வ-9-இன் எதிர்பாராத முன்னேற்றம்.

வ-9 என்பது ஒரு பெண். ஆய்வில் சேர்கிற பிள்ளைகளைக் கணினி குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரிக்கும். 'பயிற்சிக் குழு' உடற்பயிற்சி செய்யும். 'வழக்கம்போல் குழு' வழக்கம்போல் இருக்கும். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டு, பயிற்சி பலன் தந்ததா என்று பார்க்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வழக்கம் என்றால் எது வழக்கம்? சேர்கிற அன்று பிள்ளை என்ன நிலையில் இருந்ததோ, அதுதான் அதன் வழக்கம் என்று எங்கள் விதிமுறை சொல்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத வாக்கியம். அதையும் நான்தான் எழுதினேன்.

சேர்ந்த அன்று வ-9 என்ன நிலையில் இருந்தாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் என் மகள்.

கல்லூரியில் சேர்ந்து முதல் பருவம் முடிவதற்குள் ஒருநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. "முடியலப்பா" என்று ஒரே ஒரு சொல். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மழைக்காலம் போயிற்று, வெயில் வந்தது, அவள் திரும்பவில்லை. மருத்துவரிடம் காட்டினோம். "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். பொண்ணு கொஞ்சம் அசைஞ்சா நல்லது" என்றார். அசைப்பதற்கென்றே ஒரு மையத்தில் வேலை பார்க்கிறேனே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கையைப் பிடித்து அழைத்து வந்து சேர்த்தேன். கணினி அவளை வழக்கம்போல் குழுவில் போட்டது. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, "உடற்பயிற்சியின் நன்மைகள்" என்ற சிறு நூலைக் கையில் கொடுத்து, உட்கார்ந்து படிக்கச் சொன்னார்கள்.

இப்போது கூட்டத்துக்கு வருவோம்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஒரு பொண்ணு நல்லா ஆயிட்டு வர்றா. இதுல நம்மளவிட சந்தோஷப்படறவங்க யாரும் இருக்க முடியாது. சரி, இந்த விபத்து எப்படி நடந்துச்சு?"

புள்ளியியல் மேடம் திரையை அவர் பக்கம் திருப்பினார். "பட்டையில பதிவாகியிருக்கு சார். வ-9 அசையுது. சும்மா அசையல, குதிக்குது. மனநிலை மதிப்பெண்ணும் கூடவே ஏறுது. பார்த்துட்டு அந்தக் குழுவுல இன்னும் சிலதும் குதிக்க ஆரம்பிச்சிருக்கு."

"பயிற்சிக் குழு?"

"அது இறங்கிட்டு இருக்கு சார். இப்படியே போனா, சும்மா படுத்துக் கிடக்கறதுதான் மனசுக்கு நல்லதுன்னு நம்ம ஆய்வு நிரூபிச்சிடும்."

கடைசி நாற்காலி ஆடியது. "அவங்க படுக்கலையே மேடம், குதிக்கறாங்களே" என்றார் பயிற்சியாளர்.

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். குழுவோட பேருக்குத் தெரியாதே?"

இயக்குநர் பயிற்சியாளரைப் பார்த்தார். "உங்க பிள்ளைங்க ஏன் இறங்கறாங்க? என்னதான் சொல்லித்தர்றீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லித்தரல சார். வந்ததும் மனநிலைப் படிவம். அதுக்கப்புறம் தூக்கப் படிவம். அப்புறம் 'இந்தப் படிவங்களை நிரப்பும்போது எப்படி உணர்ந்தீர்கள்'னு ஒரு படிவம். லேஸ் கட்டறதுக்குள்ள முடிவுப் படிவம் வந்துடுது. போன வாரம் ஒரு பையன் 'வாழ்க்கை சலிப்பாக இருக்கிறதா'ங்கற கேள்வியைப் பார்த்துட்டு, 'இங்க வர்றதுக்கு முன்னாடியா, வந்த பிறகா'ன்னு கேட்டான் சார்."

"படிவத்தைக் குறைக்க முடியாது. அவங்க சந்தோஷமா இருக்காங்களான்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பார்த்தா தெரியும் சார்."

"முகம் அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல் இல்லங்க" என்றார் இயக்குநர், பொறுமையாக. நான் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டப். கொஞ்சம் இடைவெளி. டப். பிறகு யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற ஓசை.

"கீழ என்ன கலாட்டா?" இயக்குநருக்கு முகம் சிவந்துவிட்டது. "உடற்பயிற்சியைப் பத்தி முக்கியமா பேசிட்டு இருக்கோம். இந்த நேரத்துல யாரு ஓடி ஆடிட்டு இருக்கறது? எழுத்தரே, அந்த ஜன்னலைச் சாத்துங்க."

போனேன். கீழே வாகனக் கொட்டகையில், "இவ்வளாகத்தில் ஓடுதல், குதித்தல், விளையாடுதல் தடைசெய்யப்பட்டுள்ளது" என்ற பலகைக்கு நேர் கீழே, இரண்டு பெண்கள் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பலகை வாசகம் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஒருத்தி பயிற்சிக் குழுவிலிருந்து படிவம் தாங்காமல் ஓடிப்போனவள். உச்சந்தலையில் குடுமி போட்டிருப்பாள், 'குடுமி' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். படிவ வரிசையில் என் மகளுக்குப் பழக்கமானவள். "சும்மா நிக்கறியே, இந்தா பிடி" என்று ஒரு பேட்டைக் கையில் திணித்தாளாம். ஆராய்ச்சி அவ்வளவுதான்.

மற்றவள் என் மகள். காரின் மேல் விழப்போன பந்தை எம்பி அடித்துவிட்டு, வாயைத் திறந்து சிரித்தாள். அவளுக்கு ஒரு தெற்றுப்பல் உண்டு. அது மறந்தே போயிருந்தது எனக்கு.

அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன்? ஜன்னலைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

திரும்பி வந்து, வாயைத் திறந்தேன். "ஐயா, அந்த வ-9 வந்து..."

"பங்கேற்பாளர் யாருன்னு ஊழியர்கள் பேசவே கூடாது. அந்தச் சுற்றறிக்கையை நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமாங்கய்யா."

"அருமையா எழுதியிருந்தீங்க."

சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டேன். பாராட்டு வந்த பிறகு எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

முடிவு எளிதாக எட்டப்பட்டது. வ-9-இன் பெற்றோருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அறிக்கை வெளியாகும் வரை அந்தப் பெண் தன் வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். நான் முக்காலியில் உட்கார்ந்தபடியே வரைவு எழுதி வாசித்தேன். 'முன்னேற்றம்' என்ற சொல் அவ்வளவு பொருத்தமாக இல்லை, 'விலகல்' என்று போடலாம் என்று நானே யோசனையும் சொன்னேன்.

நெறிமுறை உறுப்பினர் கண்ணைத் திறந்தார். "கடிதத்துல 'தயவுசெய்து' இருக்கா?"

"ரெண்டு இடத்துல இருக்குங்கய்யா."

"அப்ப சரி" என்று மறுபடி மூடிக்கொண்டார்.

உறையின் மேல் என் பெயரை, என் வீட்டு முகவரியை, என் கையாலேயே எழுதினேன். கையில் எடுத்துப்போயிருக்கலாம். ஆனால் வெளிச்செல்லும் கடிதம் அஞ்சலில்தான் போக வேண்டும். அஞ்சலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கடிதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அது எனக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. என் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஊரிலுள்ள பிள்ளைகளையெல்லாம் அதட்டி அதட்டி, அவள் மெல்லப் பேசினாலே தெருக்கோடிவரை கேட்கும்.

"என்னங்க, உங்க ஆபீஸ்லேர்ந்து உங்களுக்கே லெட்டர் வந்திருக்கு. சீட்டக் கிழிச்சிட்டாங்களா?"

"பிரிச்சுப் பாரேன்" என்றேன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

பிரித்தாள். உரக்கப் படித்தாள். "'தங்கள் மகளின் அண்மைக்கால மகிழ்ச்சி எமது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. இது ஆய்வின் வழக்கத்திலிருந்து ஒரு விலகல் என்பதால், தயவுசெய்து அவரை முந்தைய நிலைக்குத் திரும்பச் செய்யுமாறு...' என்னங்க இது? யாரு இந்த மடையன்? புள்ளகுட்டி இல்லாதவனா?"

"விஷயத்தை விடு. எழுத்து எப்படி இருக்கு? கோர்வையா வந்திருக்குல்ல?"

செய்தித்தாள் என் கையிலிருந்து இறங்கியது. நான் இறக்கவில்லை, அவள் இறக்கினாள்.

"நீங்களா?"

"குழுவோட முடிவு. நான் வாசகம் மட்டும்தான்."

அவள் அடுத்துச் சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அலுவலக மொழியில் அவற்றுக்கு இணையான சொற்கள் இல்லை. அவள் மூச்சு வாங்கியபோதுதான் இருவரும் கவனித்தோம். அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் பேட். காலில் ஷூ. கீழே தெருவில் குடுமி விசிலடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் மறுபடியும் படுத்துக்கணுமாப்பா?"

இந்தக் கேள்விக்கு ஒரு தகப்பன் சொல்ல வேண்டிய பதில் என்னவென்று எனக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது தகப்பனாக இல்லை, பார்வை எண்ணாக இருந்தேன்.

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. அறிக்கை வந்துட்டா உங்க குழுவுக்கும் முறைப்படி பயிற்சி உண்டு."

"முறைப்படின்னா?"

"முதல்ல ஒரு படிவம்..."

அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். கத்தியிருந்தால் அம்மாவைப் போல என்று சொல்லியிருப்பேன். "சரிப்பா" என்றாள். பேட்டைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். உள்ளே போனாள். கட்டில் முனகியது.

தெருவில் விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது.

மனைவி கத்தவில்லை. அவள் கத்தாமல் பேசி நான் கேட்டதில்லை. "போய்ப் பாருங்க. உங்க ஆபீஸ் கேட்டது கிடைச்சிடுச்சு. முத்திரையை எடுத்துட்டுப் போய்க் குத்திட்டு வாங்க."

போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஒரு ஷூவைக் கழற்றியிருந்தாள். மற்றதைக் கழற்ற மனமில்லாமலோ தெம்பில்லாமலோ காலிலேயே விட்டிருந்தாள். இந்த முதுகை எனக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்கப் பார்த்த முதுகு. அவ்வளவு தூரம் போய்விட்டு அவள் திரும்பி வந்திருந்தாள். என்னுடைய ஒரு வாக்கியம், அதுவும் கோர்வையான வாக்கியம், அவளைத் திரும்ப அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

"எழுந்திரும்மா. போய் விளையாடு."

"வேணாம்பா. உங்களுக்கு ஆபீஸ்ல பிரச்சினையாயிடும்."

"எனக்கு என்ன பிரச்சினை? ஒரு கடிதம் போடுவாங்க. அதையும் நான்தான் எழுதணும்."

முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. முகம் தெரியவில்லையே.

"இங்க பாரு, அப்பா ஒரு கடிதம் எழுதப் போறேன். உன் கையெழுத்து வேணும். படுத்துக்கிட்டே போட்டா கோணலா வரும், அனுப்ப மாட்டேன்."

வாசலில் நின்ற மனைவி ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள். பிறகு மகள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "என்ன கடிதம்?"

"ஆய்விலேர்ந்து விலகறோம்னு. எப்ப வேணும்னாலும் விலகலாம், சேர்றப்ப நீ கையெழுத்துப் போட்ட தாள்லயே இருக்கு. கடைசி வரி."

"நான் பார்க்கவே இல்லையே."

"பொடி எழுத்துல இருக்கும். பொடியா அடிக்கச் சொன்னாங்க, அடிச்சேன்."

அவள் திரும்பினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மாவிடமிருந்து வந்த பார்வை. பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு மேசையில் மூவரும் அமர்ந்தோம். நான் தாளை மடித்து ஓரம் விட்டு, அனுப்புநர் எழுதி, பெறுநர் எழுதி, பொருள் எழுதி, பார்வை எழுதினேன். பார்வையில் என்னுடைய கடிதத்தையே குறிப்பிட வேண்டியிருந்தது. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "மேற்காணும் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன்..." என்று தொடங்கினேன்.

"அப்பா, சுருக்கமா."

"இது முன்னுரைம்மா."

"முன்னுரையிலயே உங்க இயக்குநர் தூங்கிடுவாரு. 'நான் விலகிக்கறேன்'னு போடுங்க."

"காரணம் சொல்லத் தேவையில்லை."

"எனக்குச் சொல்லணும்பா."

"என்ன போட?"

ஜன்னல் பக்கம் பார்த்தாள். "விளையாடப் போறேன்னு போடுங்க."

பேனா நின்றது. இத்தனை ஆண்டுகளில் நான் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதியதில்லை. ஒரு 'மேற்படி' இல்லை, ஒரு 'எனவே' இல்லை. "ஒரு 'தயவுசெய்து'வாவது போட்டுக்கறேனே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"போட்டீங்கன்னா வேன்ல ஏத்தி உங்க ஆபீஸ் வாசல்ல இறக்கிட்டு வந்துடுவேன்" என்றாள் மனைவி.

போடவில்லை. மகள் கையெழுத்திட்டாள். நேராகத்தான் வந்தது. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி, அதையும் உறைக்குள் போட்டாள்.

"ஆபீஸ்ல இதப் பிரிக்கப்போறது நீங்கதானே? கையிலயே எடுத்துட்டுப் போயிடலாமே?"

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. உள்வரும் கடிதம் அஞ்சல்லதான் உள்ள வரணும். பிரிக்கணும், தேதி முத்திரை குத்தணும், இயக்குநர்கிட்ட வைக்கணும். அவர் 'வருந்துகிறோம்'னு பதில் எழுதச் சொல்வாரு."

"அத நீங்க எழுதுவீங்க?"

"எழுதுவேன். ஆனா இந்தத் தடவை ஜன்னலைத் திறந்து வச்சிக்கிட்டு எழுதுவேன்."

உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டை விரல் நகத்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்தி ஒட்டினேன். மகள் மற்ற ஷூவையும் மாட்டிக்கொண்டு, பேட்டை எடுத்துக்கொண்டாள். அஞ்சல் பெட்டி தெருத் திருப்பத்திலேயே இருக்கிறது. "அது வேணாம்பா, பூங்காகிட்ட இருக்கிறதுல போடலாம்" என்று அவள் என்னைச் சுற்றி அழைத்துப் போனாள். வழியில் குடுமியும் சேர்ந்துகொண்டாள். பாதித் தூரத்திலேயே எனக்கு மூச்சு இரைத்தது. உடற்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி எத்தனையோ கடிதம் எழுதியவன், ஒரு கடிதத்தைச் சுமந்துகொண்டு நடக்க முடியாமல் பூங்கா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னப்பா, உங்க வழக்கம் இதானா?" என்றாள் மகள்.

பெட்டியின் வாய்க்குள் உறையைச் செருகினேன். அது அடியில் போய் விழுகிற ஓசையைக் காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் நான் எப்போதும் திரும்புவது. அன்று அது காதில் விழவில்லை. அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பூங்காவின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருந்தார்கள். அங்கிருந்து என் மகள், அம்மாவின் தொண்டையில், "வாங்கப்பா, ஓடி வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பக்கமும் முறைப்படி பார்த்தேன். தெரிந்தவர்கள் யாரும் இல்லை. ஓடினேன்.